ஒரு வருடம் வெளிநாட்டில் சீனம் படிக்கப் போகலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் சென்னையில் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி. வார இறுதி வகுப்பில் சீனம் கொஞ்சம் படித்திருக்கிறார், பட்டம் வாங்கிய கையோடு ஒரு வருடம் வெளிநாடு போய் சீன மொழியும் பண்பாடும் படிக்க ஆசை. பெய்ஜிங்கா தைபேயா, ஒரு வருடத்தில் சரளமாகப் பேச வந்துவிடுமா, வீட்டில் என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது என்று மூன்று சந்தேகங்கள். நான் பெய்ஜிங்கிலும் பிறகு ஹார்பினிலும் படித்தவன், இப்போது மொழிபெயர்ப்பும் சொல்லிக்கொடுப்பதுமாக இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் அங்கே போய் இறங்கிவிட்டால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிப் போகாதீர்கள். முழுதாக ஒரு வருடம் இருந்துவிட்டு, கடையில் விலை கேட்கவும் டாக்சிக்காரரிடம் வழி சொல்லவும் மட்டும் தெரிந்துகொண்டு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. தினமும் காலை எட்டு மணி வகுப்புக்குப் போனவர்கள், வீட்டுப்பாடம் எழுதியவர்கள், தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவர்கள். அவர்கள் தங்கிய விதம்தான் அவர்களைக் கெடுத்தது.

எப்படி என்று சொல்கிறேன். சீனாவின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி விடுதி. சீன மாணவர்கள் ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர் என்று வேறு கட்டடங்களில் இருப்பார்கள், நீங்கள் உங்கள் கட்டடத்தில் ஒரு கொரியரோடோ கசாக்கோடோ இருப்பீர்கள். மொழி வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்காருபவரும் வெளிநாட்டுக்காரர்தான், ஏனென்றால் அது வெளிநாட்டினருக்கான வகுப்பு. மதியம் வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி ஆங்கிலம். ஆக, ஒரு நாளில் நீங்கள் உண்மையாகச் சீனம் பேசும் ஒரே சீனர் உங்கள் ஆசிரியராக இருப்பார், அவரோ உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிதானமாகப் பேசுவார். வெளியே யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இதை ஒரு கணக்காகவும் பார்க்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் சீனத்தில் அலுவல் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்பது அவர்களுடைய நீண்டகால அனுபவக் கணக்கு. சீனப் பல்கலைக்கழகங்களில் மொழி மாணவர்களுக்கு வாரம் சுமார் 20 மணி நேரம் வகுப்பு, பருவத்துக்குச் சுமார் 16 வாரம், ஆண்டுக்கு இரண்டு பருவம். பெருக்கிப் பாருங்கள், 640 மணி நேரம். மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மீதி மணி நேரங்கள் வகுப்புக்கு வெளியேதான் கிடைக்க வேண்டும். அந்த மணி நேரங்களுக்காகத்தானே அவ்வளவு செலவு செய்து போகிறோம், பாடப் புத்தகத்தைச் சென்னையில் உட்கார்ந்தும் படிக்கலாம்.

அதனால் எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதற்கு முன்னால், யாரோடு தங்கப் போகிறோம், வகுப்பு முடிந்தபின் எந்த மொழியில் வாழப் போகிறோம் என்று கேளுங்கள். இதைப் புரிந்துகொண்டு நடக்கும் இடங்கள் உண்டு. நான்ஜிங் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1986-இல் ஆரம்பித்த மையத்தில் வெளிநாட்டு மாணவரும் சீன மாணவரும் ஒரே அறையில் தங்குவது வழக்கம். தைபேயில் தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஐ.சி.எல்.பி. என்ற மொழிப் பயிற்சி மையத்தில் வளாகத்துக்குள் சீனம் மட்டுமே பேசுவதாக உறுதிமொழி வாங்குகிறார்கள், ஒரு வகுப்பில் நான்கு பேருக்கு மேல் கிடையாது, தனி வகுப்பும் உண்டு. இவை இரண்டும் செலவு அதிகமான இடங்கள், எல்லோருக்கும் கட்டாது. ஆனால் அந்த முறையை நாமே நமக்கு அமைத்துக்கொள்ளலாம். வெளியே அறை எடுத்துத் தங்க அனுமதி இருந்தால் சீன மாணவிகளோடு வீடு பகிர்ந்துகொள்ளுங்கள் (அப்படித் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முகவரியைப் பதிய வேண்டும், மறக்காதீர்கள்). அது முடியாவிட்டால் ஏதாவது ஒரு மாணவர் சங்கத்தில் சேருங்கள். மலையேற்றம், இறகுப்பந்து, சேர்ந்திசை, எதுவானாலும் சரி. சீனப் பல்கலைக்கழகங்களில் செப்டம்பர், அக்டோபரில் சங்கங்களெல்லாம் வளாகத்தில் மேசை போட்டு ஆள் சேர்ப்பார்கள், அந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று நடத்தும் சங்கத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மொழித் துணை பற்றி ஒரு வார்த்தை. நீ எனக்குச் சீனம் சொல்லிக்கொடு, நான் உனக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன் என்று ஏற்பாடு செய்துகொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கறாராக நேரம் பிரிக்காவிட்டால் மூன்றாவது வாரத்தில் அது முழு ஆங்கில வகுப்பாகிவிடும், ஏனென்றால் உங்கள் ஆங்கிலம் உங்கள் சீனத்தைவிட நன்றாக இருக்கும், பேச்சு எப்போதும் சுலபமான பக்கம்தான் ஓடும். முதல் அரை மணி சீனம், அடுத்த அரை மணி ஆங்கிலம் என்று செல்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டு பேசுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சரி, போவதற்கு முன் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? இங்கேதான் நான் பலரோடு முரண்படுகிறேன். ஒன்றுமே தெரியாமல் போ, அங்கே போய் முதலிலிருந்து சரியாகக் கற்றுக்கொள் என்பார்கள். வேண்டாம். சீனாவில் கழியும் முதல் மூன்று மாதத்தைப் பின்யின் (சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) எழுத்துக்கூட்டவும் ஒன்று இரண்டு எண்ணவும் செலவு செய்வது பெரிய வீண். எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் திறன் தேர்வின் பழைய ஆறு நிலை முறையில் நான்காம் நிலைக்கு 1,200 சொற்கள். அந்த அளவோடு போய் இறங்கினால் முதல் வாரத்திலிருந்தே ஆட்களோடு பேச்சுக் கொடுக்க முடியும், போனதும் நடக்கும் நிலை அறியும் தேர்வில் இடைநிலை வகுப்பில் போடுவார்கள், அங்கே கூட இருப்பவர்களும் சீனத்திலேயே பேசப் பழகியவர்களாக இருப்பார்கள். உங்களுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் கையில் இருக்கிறது. தாராளமாகப் போதும்.

அந்த ஒரு வருடத்தில் முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள், சொற்கள் பிறகு. தவறான ஒலியோடு ஆயிரம் சொல் கற்றால் ஆயிரத்தையும் திரும்பக் கற்க வேண்டியிருக்கும். தமிழர்களுக்கென்று இதில் சில சிக்கல்கள் உண்டு, ஆங்கிலக்காரர்களுக்காக எழுதிய புத்தகங்களில் அவை இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பின்யினில் ரோமன் 'b' எழுத்தைப் பார்த்ததும் நம் நாக்கு 'பம்பரம்' என்பதில் நடுவே வருகிற பகரத்தைச் சொல்லப் பார்க்கும். தப்பு. அது 'பல்', 'பணம்' என்பவற்றின் முதல் ப. அதாவது அந்த ஒலி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, வேறு எழுத்தைப் பார்த்துக் குழம்புகிறோம், அவ்வளவுதான். அதற்கு ஜோடியாக நிற்கும் இன்னொரு ஒலிதான் நம்மிடம் இல்லாதது. அதே ப-வை மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும், உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தால் அது ஆட வேண்டும். தகரத்துக்கும் ககரத்துக்கும் இதே கதைதான். இந்தி பேசுபவர்களுக்கு மூச்சொலி வேறுபாடு தாய்மொழியிலேயே இருப்பதால் இது சுலபமாக வரும், நாம் தனியாகப் பழக வேண்டும். பழகாவிட்டால் சீனர்களின் காதுக்கு நம் சொற்களில் பாதி ஒன்றோடொன்று கலந்துதான் கேட்கும்.

மாறாக, நாக்கை மடக்கிச் சொல்லும் ஒலிகளில் மேற்கத்திய மாணவர்கள் மாதக்கணக்கில் திணறும்போது நமக்கு அது பெரிய பாடாக இருக்காது. ட, ண, ள, ழ சொல்லிப் பழகிய நாக்கு. பெய்ஜிங்காரர்கள் 'ஆள்' என்ற பொருளில் சொல்லும் 'ரென்' என்ற சொல்லின் முதல் ஒலிக்கு நம் ழகரம் மிகவும் பக்கத்தில் வருகிறது, ரகரமாக உருட்டாமல் ழகரத்திலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். சொல்லின் கடைசியில் வரும் ன், ங் இரண்டையும் பிரித்துச் சொல்வது தென் சீனர்களுக்கே சில இடங்களில் தடுமாறும், நாமோ கவனித்தால் பிடித்துவிடலாம்.

அப்புறம் தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கம். நான்கு தொனி, அவை தவிர அழுத்தமில்லாத ஒன்று. புத்தகத்தில் மூன்றாம் தொனியை இறங்கி ஏறுவதாக வளைத்துப் படம் போட்டிருப்பார்கள், எல்லோரும் ஒவ்வொரு சொல்லிலும் அந்த வளைவைச் சொல்ல முயன்று தொடர்ந்து பேசவே முடியாமல் நிற்பார்கள். உண்மையில் பேச்சோட்டத்தில் அது பெரும்பாலும் வெறும் தாழ்ந்த தொனி. குரலைக் கீழே வைத்தால் போதும், ஏற்றம் தனியாகச் சொல்லும்போதும் வாக்கியத்தின் முடிவிலும்தான். இரண்டு மூன்றாம் தொனி அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறிவிடும். தனிச் சொல்லாகத் தொனியை மனப்பாடம் செய்யாமல் இரண்டிரண்டு அசையாகச் சேர்த்துப் பழகுங்கள், நான்கு தொனிகளின் எல்லா ஜோடிகளையும் தினம் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், குரலைப் பதிவு செய்து கேளுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் நான் சொல்லிக்கொடுத்தவர்களில் இதை விடாமல் செய்தவர்கள் அங்கே போனதும் தனியாகத் தெரிந்தார்கள், கடைக்காரர்கள் அவர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லவில்லை.

இலக்கணத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வினைச்சொல்லுக்கு விகுதி கிடையாது, பால், எண், காலம் என்று எதற்கும் அது மாறாது. வினை நடுவில் வருவதுதான் நமக்குப் புதிது. ஆனால் 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் விவரத்தையெல்லாம் முன்னால் அடுக்கிவிட்டுப் புத்தகத்தைக் கடைசியில் சொல்வார்கள். ஆங்கிலம் வழியாகச் சீனம் படிப்பவர்கள் இந்த இடத்தில் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும், நமக்கு வேண்டாம். 'நேற்று மாலை நூலகத்தில் படித்தேன்' என்பதுபோல நேரமும் இடமும் வினைக்கு முன்னால் வருவதும் நமக்குப் பழக்கமான வரிசைதான். அதனால் மனதுக்குள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டுச் சீனத்துக்கு வராதீர்கள், நேராகத் தமிழிலிருந்தே போங்கள்.

இனி ஊர். பெய்ஜிங்கில் மொழி படிக்கப் போகிறவர்கள் அதிகம் போவது பெய்ஜிங் மொழி மற்றும் பண்பாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு. 1962-இல் வெளிநாட்டினருக்குச் சீனம் கற்பிக்கவே ஏற்படுத்திய இடம், கற்பிக்கும் முறையில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள், பாடப்புத்தகங்களே அங்கிருந்துதான் நிறைய வருகின்றன. குட்டி ஐக்கிய நாடுகள் சபை என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரிலேயே சிக்கலும் இருக்கிறது: அது இருக்கும் வூதாவ்கோவ் பகுதி முழுக்க வெளிநாட்டு மாணவர்கள், கொரிய உணவகங்கள், ஆங்கிலம் பேசும் காப்பிக் கடைகள். பீகிங், சிங்ஹுவா பல்கலைக்கழகங்கள் பக்கத்திலேயே இருப்பதால் நல்ல சொற்பொழிவுகளும் நூலகங்களும் கிடைக்கும், அது பெரிய லாபம். மன உறுதி இருந்தால் பெய்ஜிங் போங்கள், இல்லாவிட்டால் அந்தக் காப்பிக் கடைகளிலேயே வருடம் போய்விடும்.

ஹார்பின் நான் மனதாரப் பரிந்துரைக்கும் ஊர். வடகிழக்கு மூலை, ஜனவரியில் இரவில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும், சோங்ஹுவா நதி உறைந்து அதன் மேல் ஆட்கள் நடப்பார்கள். சென்னைக்காரருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த ஊர்த் தெருப் பேச்சு பொதுமொழியான மாண்டரினுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது, வெளிநாட்டினர் குறைவு, ஆட்கள் வாயாடிகள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரே பேச்சைத் தொடங்குவார். கட்டடங்களுக்குள் வெப்பமூட்டி நன்றாக இருக்கும், அறைக்குள் மெல்லிய சட்டை போதும். உண்மையில் குளிரில் கஷ்டப்படுவது தெற்கில்தான். நான்ஜிங், ஷாங்காய், ஹாங்சோ போன்ற ஊர்களில் வடக்கில் உள்ளதுபோல நகரம் முழுக்க வெப்பம் தரும் ஏற்பாடு பரவலாகக் கிடையாது, வெளியே 3 டிகிரி என்றால் வகுப்பறைக்குள்ளும் ஏறத்தாழ அதே குளிர்தான். இதைத் தெரியாமல் தெற்கு என்றால் இதமாக இருக்கும் என்று நினைத்து மெல்லிய கோட்டோடு போய் நிற்பவர்கள் பலர்.

செங்டு, குன்மிங் இரண்டும் வாழ்வதற்கு அருமையான ஊர்கள், செலவும் குறைவு. உங்களிடம் பொதுமொழியில்தான் பேசுவார்கள், ஆனால் தங்களுக்குள் பேசுவது வட்டார வழக்கு, பக்கத்து மேசைப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகுவது முதலில் முடியாது. குவாங்சோவில் கான்டனீஸ், சியாமெனில் 'தெற்கு மின்' என்ற வேறொரு பேச்சு. இடைநிலை தாண்டியபின் இங்கெல்லாம் போகலாம், ஆரம்பத்தில் வேண்டாம்.

தைபேயா என்ற கேள்விக்கு வருகிறேன். தேசியத் தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் 1956-இலிருந்து நடக்கிறது, உலகத்தில் பழைய மையங்களில் ஒன்று. வகுப்புகள் சிறியவை. இணையம் திறந்திருக்கும், புத்தகக் கடைகளில் எல்லாக் கருத்துக்கும் இடம் உண்டு, அரசியல் வாக்குவாதத்தைத் தொலைக்காட்சியில் கேட்டே மொழி கற்கலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தைவான் சொர்க்கம், தெருவுக்குத் தெரு சைவக் கடை. அங்கே எழுதுவது பழைய, முழு வடிவ எழுத்து. பெருநிலச் சீனாவில் 1956-இலிருந்து எளிமைப்படுத்திய எழுத்து. எது முதலில் என்று பலர் சண்டையே போடுகிறார்கள். எதைக் கற்றாலும் மற்றதைப் படிக்கச் சில மாதங்களில் பழகிவிடும் என்பதுதான் என் அனுபவம். ஆனால் நீங்கள் வரலாறு படிப்பவர். எளிமைப்படுத்துவதற்கு முன்னால் அச்சான எதையும், கல்வெட்டுகளையும் படிக்க முழு வடிவம் வேண்டும். அதனால் உங்கள் விஷயத்தில் என் யோசனை இது: ஒரு வருடம்தான் முடியும் என்றால் தைபே. மேற்படிப்புக்கும் தொடர்வதாக இருந்தால் முதல் வருடம் ஹார்பின் அல்லது நான்ஜிங், பிறகு தைபே.

வரலாறு என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோழர்களின் தூதுக்குழுக்கள் சீனாவுக்கு 1015, 1033, 1077 ஆண்டுகளில் போன செய்தி சோங் வம்ச வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1225-இல் சாவ் ருகுவா என்ற சீன அதிகாரி எழுதிய கடல்கடந்த நாடுகள் பற்றிய நூலில் சோழ நாட்டுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஃபூஜியான் கரையில் இருக்கும் சுவான்சோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது, கடைசியில் ஒரு வரி சீன எழுத்து, அங்கே இருந்த சிவன் கோயிலைப் பற்றியது. அந்த ஊர்க் கைய்யுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களில் கண்ணன் கதைச் சிற்பங்களை இன்றும் பார்க்கலாம். இலங்கையில் காலி ஊரில் கிடைத்த, 1409-ஆம் ஆண்டு தேதியிட்ட, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ வைத்த கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் சேர்ந்தே இருக்கின்றன. இப்போது அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ் மூலத்தையும் செவ்வியல் சீன மூலத்தையும் இரண்டையும் நேராகப் படிக்கக் கூடிய ஆய்வாளர்கள் மிகவும் குறைவு. நாம் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான் இவற்றைத் தெரிந்துகொள்கிறோம். ஒரு தமிழ் மாணவி செவ்வியல் சீனம் கற்றுவந்து அந்தப் பக்கங்களைத் திறந்தால் என்னவெல்லாம் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாம் பருவத்தில் செவ்வியல் மொழிக்கு ஒரு விருப்பப் பாடம் இருந்தால் தயங்காமல் எடுங்கள், விடுமுறையில் சுவான்சோவுக்கு ரயில் ஏறுங்கள்.

பண்பாட்டு வகுப்புகளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. காகிதம் வெட்டுவது, கொழுக்கட்டை பிடிப்பது, தாய்ச்சி இரண்டு அசைவு, மேடையில் பட்டாடை போட்டு ஒரு புகைப்படம். இவை ஒரு சனிக்கிழமை மதியத்துக்குச் சந்தோஷமானவை, அவ்வளவுதான். தூரிகை எழுத்து மட்டும் விதிவிலக்கு, அதை முறையாகக் கற்றால் எழுத்துகளின் கோட்டு வரிசை கையில் ஏறிவிடும். பண்பாடு படிக்க வேண்டுமென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையிலோ இலக்கியத் துறையிலோ சீன மாணவர்களுக்கு நடக்கும் வகுப்பில் பின் வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். முதல் மாதம் பாதிகூடப் புரியாது. பரவாயில்லை, ஆசிரியர் எதைச் சொன்னபோது வகுப்பு சிரித்தது, எதைச் சொன்னபோது எல்லோரும் குறிப்பெடுத்தார்கள் என்று கவனித்தாலே நிறைய விளங்கும்.

காலையில் பூங்காவுக்குப் போங்கள். ஓய்வு பெற்றவர்கள் கூட்டமாக ஆடுவார்கள், சீட்டு ஆடுவார்கள், பெரிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் கவிதை எழுதுவார்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது, ஆங்கிலம் தெரியாது, வெளிநாட்டுப் பெண் ஒருத்தி வந்து பேசினால் மகிழ்ந்துபோவார்கள். உங்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர்கள் கிடைக்க மாட்டார்கள். அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்பதில் நமக்குத் தயக்கமே வராது, அங்கேயும் தெரியாதவர்களை அத்தை, தாத்தா, அக்கா என்று உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பெரியப்பா வேறு, சித்தப்பா வேறு, தாய்மாமன் வேறு என்று அவர்களுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் மாணவர்கள் அந்த அட்டவணையை மனப்பாடம் செய்து மண்டையை உடைத்துக்கொள்ளும்போது நீங்கள் நம் வீட்டு உறவுகளை நினைத்துக்கொண்டாலே போதும்.

வசந்த விழா விடுமுறையில், அதாவது ஜனவரி, பிப்ரவரியில், ஊருக்கு வராதீர்கள். அம்மா கூப்பிடுவார்கள், தெரியும். ஆனால் அந்தச் சமயத்தில் சீன நண்பர்கள் யாராவது தங்கள் வீட்டுக்கு அழைத்தால் போய்விடுங்கள், சிறு நகரமோ கிராமமோ எதுவானாலும் சரி. ஒரு பருவம் முழுக்க வகுப்பில் கற்றதைவிட அந்த இரண்டு வாரத்தில் காதில் விழுவது அதிகம். படுக்கை வசதி ரயிலில் போங்கள், அதிவேக ரயிலில் எல்லோரும் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பழைய பச்சை ரயிலில்தான் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு கதை பேசுவார்கள். உங்களிடம் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். இந்தியாவில் எந்த மொழி பேசுகிறீர்கள், சாதி என்றால் என்ன, பெண்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா, ஏன் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை. எல்லைப் பிரச்சினையும் வரும். இவற்றுக்கெல்லாம் நீங்கள் உண்மையில் நினைப்பதைச் சீனத்தில் இரண்டு நிமிடம் சொல்லும்படி முன்பே எழுதித் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஆசிரியரிடம் திருத்தமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் மெருகேறும்.

சாப்பாடு, செல்பேசி, காகித வேலை மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் பெருநிலச் சீனாவில் கவனம் தேவை, காய்கறி என்று எழுதியிருக்கும் பீன்ஸ் வறுவலில் பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சி இருக்கும், மாப்போ தோஃபு என்ற சோயாக் கட்டிக் கறியிலும் இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொல்வது மட்டும் போதாது, இறைச்சித் துண்டும் பன்றி நெய்யும் சிப்பிச் சாறும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். தக்காளியும் முட்டையும் வதக்கியது எல்லா உணவுக்கூடத்திலும் கிடைக்கும்.

செல்பேசி விஷயத்தில் இந்தியர்களுக்கு மட்டும் உள்ள ஒரு தலைவலி: அங்கே வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் வேலை செய்யாது, அவர்கள் உயிரே வீசாட் என்ற செயலியில் இருக்கிறது, அந்த வீசாட்டை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. ஆக அப்பா அம்மாவோடு பேசும் வழியைக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்து வையுங்கள். நம் ஊர் சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் அதன் வழியாக வாட்ஸ்அப் பொதுவாக வேலை செய்யும், குறைந்தபட்சம் முதல் சில வாரத்துக்கு அது உதவும்.

சீனாவில் ஆறு மாதத்துக்கு மேல் படிப்பதற்கு எக்ஸ்1 விசா, போய் இறங்கி 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாணவ விசாவில் அனுமதி வாங்காமல் வேலை பார்க்கக் கூடாது, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க யாராவது பணம் தருகிறேன் என்று வருவார்கள், வேண்டாம்.

வீட்டில் என்ன சொல்வது? பாதுகாப்பைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். பெண்கள் இரவில் தனியாக மெட்ரோவில் வருவதும் நடந்து வருவதும் சீன நகரங்களிலும் தைபேயிலும் சாதாரணமாகப் பார்க்கும் விஷயம், பல விடுதிகளில் இரவில் வாசல் பூட்டும் நேரமும் உண்டு. வேலை என்ன கிடைக்கும் என்று கேட்டால் ஸ்ரீபெரும்புதூரைக் காட்டுங்கள். ஃபாக்ஸ்கான் போன்ற தைவான் நிறுவனங்கள் இங்கே ஆலை நடத்துகின்றன, அங்கிருந்து வரும் பொறியாளர்களுக்கும் நம் ஊர்த் தொழிலாளர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு மொழியும் பேசத் தெரிந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள். தமிழும் சீனமும் நேராகத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு அதிகம். பணம் பற்றிய கவலைக்குப் பதில் உதவித்தொகை. சீன அரசு உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மொழி மாணவர்கள் சேரும் பொதுப் பிரிவில் மாதம் 3,000 யுவான் கைச்செலவுக்குத் தருகிறார்கள், தங்குமிடமும் உண்டு. சொந்தச் செலவில் போனால் பெய்ஜிங் போன்ற ஊரில் ஓராண்டுக் கட்டணம் மட்டுமே 20,000 யுவானைத் தாண்டும். தைவான் கல்வி அமைச்சின் ஹுவாயூ உதவித்தொகை மொழி படிப்பதற்கென்றே இருப்பது, மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை கிடைக்கும், சென்னையிலேயே 2012-இலிருந்து தைபே பொருளாதாரப் பண்பாட்டு மையம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

செப்டம்பரில் தொடங்கும் ஆண்டுக்கு விண்ணப்பங்கள் பொதுவாக அந்த ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே முடிந்துவிடும், பட்டம் கைக்கு வந்தபிறகு பார்க்கலாம் என்று இருந்தால் ஒரு வருடம் தள்ளிப்போகும். அதனால் மூன்றாம் ஆண்டு டிசம்பருக்குள் எச்.எஸ்.கே. மூன்றாம் அல்லது நான்காம் நிலை எழுதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், வீட்டிலிருந்தே கணினியில் எழுதும் முறையும் இருக்கிறது. தைவானுக்கு அவர்களுடைய டோக்ஃபல் தேர்வு தனி, பெயர் ஆங்கிலத் தேர்வைப்போல இருக்கும், குழம்ப வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். பரிந்துரைக் கடிதம் கொடுக்கக் கூடிய இரண்டு பேராசிரியர்களிடம் இப்போதே பேசி வையுங்கள், என்ன படிக்கப் போகிறீர்கள், ஏன் என்று ஒரு பக்கம் எழுதி அவர்களிடம் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் எழுதுவது சுலபமாக இருக்கும். அந்தப் பக்கத்தில் சோழர் தூதுக்குழு, சுவான்சோ கல்வெட்டு பற்றி இரண்டு வரி இருக்கட்டும், சீனா பிடிக்கும் என்று பொதுவாக எழுதும் விண்ணப்பங்களுக்கு நடுவில் உங்களுடையதை எடுத்துப் படிப்பார்கள்.